கொழும்பில் வீட்டுக்கோழி: ஊர்க்கோழியா, லேயரா, காடையா?

போன மாதம் என் மச்சாள் ஒருத்தி வத்தளையில் சொந்த வீட்டுக்குக் குடிபோனாள். பால் காய்ச்சி ஒரு கிழமைகூட ஆகவில்லை, போன் எடுத்தாள். "பின்வளவில கொஞ்ச இடம் கிடக்கு. பிள்ளையள் ரெண்டும் கோழி வேணும் எண்டு ஒரே பிடி. எதை வாங்கட்டும்? ஊர்க்கோழியோ, பாமில விக்கிற சிவப்புக் கோழியோ? ஆரோ காடை நல்லது எண்டும் சொல்லினம்."

நான் தெஹிவளையில் ஆறு வருடமாகக் கோழி வளர்க்கிறேன். தொடங்கியது ஊர்க்கோழியோடு, இப்போது கூட்டில் நிற்பவை மூன்று சிவப்பு லேயர், அதாவது முட்டைக்கென்றே வளர்க்கிற பாம் கோழி. கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் இருக்கிற தங்கச்சி பல்கனியில் காடை வளர்க்கிறாள். மூன்றின் நன்மையையும் தொல்லையையும் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். மச்சாளுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை, அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் காசுக் கணக்கை முடித்துவிடுவோம். 2022இலும் 2023 தொடக்கத்திலும் முட்டை விலை ஏறிய ஏற்றம் யாருக்கும் மறந்திருக்காது. 2023 ஜனவரியில் வெள்ளை முட்டைக்கு 44 ரூபா, சிவப்புக்கு 46 ரூபா என்று அரசாங்கம் உச்ச விலை போட்டது. மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை வந்து இறங்கியது. அந்த நாட்களில்தான் கொழும்பில் பலருக்குக் கோழி ஆசை பிடித்தது. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டில் புதுக்கூடு எழும்பியது. விலை இறங்க, இரண்டும் ஒரு வருடத்துக்குள் வெறுங்கூடு ஆகிவிட்டன.

ஒரு லேயர் கோழி நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீன் தின்னும். நன்றாக இடுகிற காலத்தில் பத்து நாளைக்கு எட்டு முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 150 கிராம் தீன் போகிறது. மூன்று கோழிக்கு மாதம் 11 கிலோ தீன், கிடைப்பது 70 முட்டை. உங்கள் பக்கத்துக் கடையில் ஒரு கிலோ லேயர் தீன் என்ன விலையோ அதை 11ஆல் பெருக்குங்கள். ஒரு முட்டையின் விலையை 70ஆல் பெருக்குங்கள். கொஞ்சம் மிச்சம் வரும். ஆனால் கூடு அடித்த பலகை, கம்பி வலை, தகரம், தச்சரின் கூலி, மரத்தூள், பூச்சி மருந்து எல்லாவற்றையும் அந்த மிச்சத்தில்தான் கழிக்க வேண்டும். எனக்கு முதல் வருடம் கூட்டின் காசே திரும்பவில்லை. மூட்டை மூட்டையாகத் தீன் இறக்குகிற பண்ணையோடு, கிலோக் கணக்கில் வாங்குகிற நாம் விலையில் போட்டிபோட முடியாது. முட்டைச் செலவைக் குறைக்க மட்டும் கோழி வாங்குகிறவர்களுக்கு, வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்படியென்றால் எதற்கு வளர்ப்பது? எங்கள் வீட்டில் காரணம் அம்மா. 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து சனம் எல்லாம் வெளிக்கிட்ட இரவு, அம்மா கடைசியாகச் செய்த வேலை கோழிக்கூட்டின் கதவைத் திறந்துவிட்டது. பன்னிரண்டு கோழி, ஒரு சேவல். பிறகு கொழும்புக்கு வந்து, வாடகை வீடு மாறி மாறி, எத்தனையோ வருடம் கோழியின் சத்தமே இல்லாமல் இருந்தவர். தெஹிவளையில் முதற்கோழி முட்டையிட இடம் தேடிக் கேறித் திரிந்த காலை, அம்மா குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து படியில் இருந்து கேட்டுக்கொண்டேயிருந்தார். அந்தக் காலைக்கு நான் விலை போட மாட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காரணம் இருக்கும். பிள்ளைகளாக இருக்கலாம், ஓய்வுபெற்ற அப்பாவாக இருக்கலாம், வீசப்படுகிற கீரைத்தண்டும் பழத்தோலுமாகவும் இருக்கலாம். அது என்னவென்று தெரிந்தால் எந்த இனம் என்பது பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி இடத்திலும் அயலிலும் இருக்கிறது.

கொழும்பு என்று நாம் பேச்சில் சொல்வதெல்லாம் ஒரே சபையின் கீழ் இல்லை. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கொழும்பு மாநகரசபை. பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் தெஹிவளை கல்கிசை மாநகரசபை. மச்சாளின் வீடு வத்தளை மாபோல நகரசபை. ஆகவே வெள்ளவத்தையில் இருக்கிற உறவுக்காரர் "எங்களை ஒருத்தரும் கேட்கவில்லை" என்று சொன்னதை நம்பி வத்தளையில் கூடு கட்ட வேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) ஒரு தடவை நேரே கேட்பது அரை நாள் வேலைதான். தொடர்மாடி என்றால் அதற்குமுன் நிர்வாகக் குழு. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் வாய்ச்சொல்லோடு நிற்காமல் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள்.

பி.எச்.ஐ. என்றதும் இன்னொன்று. கொழும்பில் அவர்கள் கேட்டைத் தட்டுவது பெரும்பாலும் டெங்குப் பரிசோதனைக்கு. கோழிக்கு வைக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தையும் அவர்கள் குனிந்து பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். நுளம்பு முட்டையிட்டு, புழுவாகி, பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். தினமும் காலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்பக்கத்தைத் தும்பால் தேய்த்துக் கழுவுகிற ஒருவர் வீட்டில் இல்லையென்றால், எந்த இனத்தையும் வாங்க வேண்டாம். நுளம்பால் கோழிக்கும் கேடுதான். கோழி அம்மையைப் பரப்புவதில் நுளம்புக்குப் பெரிய பங்கு உண்டு.

கூடு எங்கே என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: தரையில். மொட்டை மாடி ஸ்லாப்பில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மார்ச், ஏப்ரல் மாதத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த ஸ்லாப்பில் வெறுங்காலோடு நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். கோழிக்கு வியர்க்காது. 30 பாகை தாண்டினாலே சொண்டைத் திறந்து, செட்டையை உடம்பிலிருந்து அகற்றிக்கொண்டு இளைக்கும். தீன் குறையும், முட்டைத் தோல் மெல்லிதாகும். ஸ்லாப்தான் இருக்கிறதென்றால் முழு நிழலும் காற்றோட்டமும் கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவில் வேறு யோசனை பார்க்கலாம்.

ஊர்க்கோழி

மனம் முதலில் போவது இதற்குத்தான். என் மனமும் அப்படித்தான் போனது. இரண்டு பேடும் ஒரு சேவலும் ஊரிலிருந்து கரப்பில் வந்து இறங்கின.

ஊர்க்கோழி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது உண்மை. தீன் கொஞ்சம் பிந்தினாலும் மண்ணைக் கிளறிப் பூச்சி, புழு, புல் என்று எதையாவது பொறுக்கும். குறுணல், தவிடு, பால் பிழிந்த தேங்காய்ப்பூ, முருங்கையிலை என்று வீட்டில் மிஞ்சுவதே பாதித் தீனாகிவிடும். வெயில், மழை, சின்னச் சின்ன நோய் தாங்கும். முட்டை சின்னது, ஆனால் மஞ்சட்கருவின் நிறத்தையும் கெட்டியையும் பார்த்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நிறம் இனத்தால் வருவதில்லை, தின்கிற பச்சையால் வருகிறது. லேயருக்கும் கீரை கொடுத்தால் மஞ்சள் ஏறும்.

முட்டை எண்ணிக்கைதான் குறைவு. பத்து, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சோடு இரண்டு மாதம். வருடத்தில் 60 முதல் 80 முட்டை வந்தால் நல்ல கோழி. சேவல் இல்லாமல் வளர்த்தாலும் அடைக்குப் படுக்கிற குணம் போகாது. வெறுங்கூட்டிலேயே மூன்று கிழமை படுத்து, தின்னாமல் மெலியும். அப்படிப் படுத்த ஒன்றுக்கு ஊரிலிருந்து சேவலோடு நின்ற கோழியின் முட்டை ஒன்பதைப் பஸ்ஸில் வருவித்து வைத்தோம். வழியில் பட்ட குலுக்கலோ என்னவோ, நாலுதான் பொரித்தது. அந்த நாலு குஞ்சும் தாயின் செட்டைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டியதைப் பார்க்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சீருடையோடு மதிலடியில் வரிசையில் நின்றார்கள். பிள்ளைகளுக்காகக் கோழி வாங்குகிறவர்களுக்கு ஊர்க்கோழி தருவது இதை. லேயரும் காடையும் தாமாக அடைகாப்பது மிக அரிது. அந்தக் குணத்தை இனவிருத்தியிலேயே எடுத்துவிட்டார்கள்.

இனி சேவல். எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பம். அந்த வீட்டு அங்கிள் இரவு வேலை. விடியற்காலையில்தான் வந்து படுப்பார். மூன்று மாதம் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் மாதம் ஒரு நாள் கேட்டடியில் வந்து நின்று, மிகவும் தயங்கி, "மகள், கோபிக்க வேண்டாம், எனக்கு நித்திரை இல்லாமல் இருக்கிறது" என்றார். அவர் கண்ணைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிரவே கூட்டைச் சாக்கால் மூடிப் பார்த்தோம். இருட்டாக இருந்தால் கூவாது என்று நினைத்தோம். கூவியது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013இல் இதைத்தான் காட்டினார்கள்: சேவலின் கூவலை நடத்துவது அதன் உடம்புக்குள்ளேயே ஓடுகிற கடிகாரம், வெளிச்சம் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். சாக்கு அதை நிறுத்தாது. கோழி கூவித்தான் பொழுது விடிய வேண்டும் என்றில்லை என்பார்கள். அந்த அங்கிளுக்கு எங்கள் சேவலால்தான் பொழுது விடிந்துகொண்டிருந்தது. அடுத்த சனிக்கிழமை சேவல் ஊருக்குத் திரும்பியது.

கொழும்பில் மதிலோடு மதில் ஒட்டிய வீட்டில் சேவல் வைக்க வேண்டாம். முட்டையிடச் சேவல் தேவையில்லை; குஞ்சு பொரிக்கத்தான் தேவை. இதை ஊரிலிருந்து வருகிற பெரியவர்களுக்கும் ஒருமுறை விளக்கிச் சொல்லிவிடுங்கள். "சேவல் இல்லாமல் எப்படி முட்டை?" என்று வருகிறவர் எல்லோரும் கேட்பார்கள்.

ஊர்க்கோழியின் இன்னொரு குணம், அது பறக்கும். ஆறடி மதில் அதற்கு ஒன்றுமில்லை. செட்டையின் நீளச் சிறகை ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிடலாம். வலிக்காது, ஆனால் சிறகு உதிர்ந்து முளைக்கும்போது திரும்ப வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்டால் பக்கத்து வீட்டுப் பூச்சாடியையும் மல்லிச் செடியையும் கிளறும். பொழுதுபட்டால் கூட்டை விட்டு மாமரத்தில் ஏறிப் படுக்கத்தான் பார்க்கும். அதில்தான் நாங்கள் அடிவாங்கினோம்.

கொழும்பு நகரம்தானே, இங்கே என்ன மிருகம் வரப்போகிறது என்று நினைத்திருந்தோம். மரநாய் வீட்டுச் சீலிங்குக்கு மேலேயே குடியிருக்கும். கீரி மதிலோரம் பகலிலேயே ஓடும். கால்வாய்க் கரையை அண்டிய வீடுகளுக்குக் கபரகொயா என்கிற பெரிய நீருடும்பு வரும். முட்டை, குஞ்சு, அகப்பட்டால் பேடும் அதற்குச் சரி. குஞ்சுக்குக் காகமே போதும். எங்களுக்கு வந்தது மரநாய். ஒரு மழையிரவு, இரண்டு மணியிருக்கும், ஒரே ஒரு சத்தம் கேட்டது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். மாமரத்தடியில் ஈரத்தில் ஒட்டிய இறகு. கூட்டில் படுத்திருந்த மற்றதையும் அது விடவில்லை. நாங்கள் அடித்திருந்தது மெல்லிய அறுகோணக் கண் வலை. மூலையில் ஆணி கழன்ற இடத்தைப் பிய்த்து உள்ளே போயிருந்தது. அந்த வலை கோழியை உள்ளே வைக்கும், மரநாயை வெளியே வைக்காது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இறகுகளை ஒரு பையில் பொறுக்கிச் செவ்வரத்தை அடியில் புதைத்தார்.

ஆகவே எந்த இனமானாலும் இதில் சிக்கனம் வேண்டாம்: ஒட்டுக்கம்பியில் அரை அங்குலக் கண் வலை, மேற்பக்கமும் சேர்த்து. சுற்றிவர ஒரு அடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்குங்கள். கதவுக்கு வெறும் கொளுக்கி போதாது, திரும்பிப் பூட்டுகிற தாழ்ப்பாள் வேண்டும். தீனை மூடியுள்ள வாளியில் வையுங்கள். திறந்து கிடந்தால் எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரும்.

சிவப்பு லேயர்

ஷேவர் பிரவுன், ஹைலைன் பிரவுன் என்று விற்கிறவை. பண்ணைக்கென்று உருவாக்கிய கலப்பினம். 18 முதல் 20 கிழமையில் இடத் தொடங்கி, முதல் வருடத்தில் 300 முட்டை அளவில் இடக்கூடியவை. பண்ணையில் இந்த எண்ணிக்கைக்கு மின்குமிழ் போட்டு 16 மணி நேர வெளிச்சம் கொடுப்பார்கள். கொழும்பில் வருடம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான் இருக்கும். நாங்கள் குமிழ் போடுவதில்லை. சில முட்டை குறையும், குறையட்டும். கோழிக்கு ஓய்வு கிடைக்கிறது.

குணத்தில் இவை ஊர்க்கோழிக்கு நேரெதிர். பறக்கப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆளைக் கண்டால் ஓடாமல் கிட்ட வரும். எங்கள் மூன்றில் ஒன்று, நான் கீரை நறுக்கப் பலகையில் இருந்தால் மடியில் ஏறி நின்றுகொண்டு தண்டை இழுக்கும். இட்டவுடன் எடுத்த முட்டை கைக்குள் கதகதவென்று, மேலே மெல்லிய ஈரப்பளபளப்போடு இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் அது காய்ந்துவிடும். அந்தக் காய்ந்த படைதான் கிருமி உள்ளே போகாமல் காக்கிறது. ஆகவே முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கழுவுவதென்றால் சமைக்கப்போகும்போது. நாங்கள் வெள்ளிக்கிழமை சைவம், கந்தசஷ்டிக்கு ஆறு நாள் சைவம், முட்டை சேரும். பின்வீட்டு அங்கிள் வீட்டுக்கு அப்போது ஆறு, எட்டு என்று போகும்.

இவற்றின் பலவீனம் தீன். குறுணலும் மிச்சச்சோறும் போட்டு லேயரை வளர்க்க முடியாது. கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு முட்டை என்றால் நாளுக்கு ஒரு முட்டைத்தோல். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்தாவது வர வேண்டும். லேயர் தீனில் 3.5 முதல் 4 சதவீதம் கல்சியம் இருக்கும். அது குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். முதலில் தோலில்லா முட்டை வரும், பிறகு கோழி காலில் நிற்காது. வீட்டுச் சாப்பாட்டு மிச்சம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். உப்பும் உறைப்பும் போட்ட கறி மிச்சம் வேண்டவே வேண்டாம்.

மழைக்காலத்தில் இவற்றுக்குக் கவனம் கூட வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பெய்கிற மழைக்கு மரத்தூள் இரண்டே நாளில் நசநசத்துவிடும். நாற்றம் எச்சத்தால் மட்டும் வருவதில்லை, எச்சத்தோடு ஈரம் சேரும்போதுதான் அமோனியா கிளம்புகிறது. அயலவர் முறைப்பாடு செய்வது அதற்குத்தான். இரத்தக்கழிச்சல் நோயும் அந்த ஈரத்தில்தான் பெருகும். கூட்டை நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்தி, கூரையை எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டி விட்டோம். மரத்தூளோடு உமி கலந்து, கிழமைக்கு இரண்டு தரம் கிளறிவிடுகிறோம். மூன்று கோழியின் எச்சம் மாதம் பத்துக் கிலோ வரும். காய்ந்த இலையோடு ஒரு வாளியில் மக்கவிட்டுத்தான் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போடுகிறோம். பச்சையாகப் போட்டால் செடி கருகும்.

குஞ்சாக வாங்குவதா, வளர்ந்ததாக வாங்குவதா என்றால், வளர்ந்ததாகவே. ஒருநாள் குஞ்சு மலிவு, பிள்ளைகளுக்கும் ஆசை. ஆனால் மூன்று, நாலு கிழமை குமிழ்ச்சூட்டில் வைக்க வேண்டும், ஐந்து மாதம் முட்டையே இல்லாமல் தீன் போட வேண்டும். தடுப்பூசிதான் பெரிய தலையிடி. ராணிக்கெட், கம்போரோ என்கிற கோழி நோய்களுக்கான மருந்துக் குப்பிகள் நூறு, ஐந்நூறு, ஆயிரம் கோழிக்கென்று வருகின்றன. மூன்று குஞ்சுக்கு ஒரு குப்பியை உடைத்தால் மிச்சம் அத்தனையும் வீண். 16 கிழமையில் ஊசி எல்லாம் போட்டு விற்கிற விடைக்கோழியை, அதாவது இன்னும் இடத் தொடங்காத இளங்கோழியை, வாங்கினால் இந்தப் பாடு இல்லை. ஊசி போட்ட விபரத்தை எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.

வயதை உங்கள் கண்ணாலும் பாருங்கள். எனக்கு முதல் தடவை ஒருவர் "இனித்தான் இடப்போகுது" என்று நாலு கோழி தந்தார். கொண்டை நன்றாகச் சிவந்து பெருத்திருந்தது, நான் அதைப் பார்த்து மகிழ்ந்துபோனேன். காலைப் பார்க்கவில்லை. இளம் விடைக்குக் காலும் சொண்டும் நல்ல மஞ்சளாக இருக்கும். முட்டை இட இட அந்த மஞ்சள் கருவுக்குப் போய்விடும். முதலில் பின்துவாரத்தைச் சுற்றி வெளுக்கும், பிறகு கண்ணோரம், பிறகு சொண்டு, கடைசியில் கால். எனக்குத் தந்தவை நாலுக்கும் கால் வெள்ளைவெளேர் என்றிருந்தது. பண்ணையில் ஒரு வருடத்துக்கு மேல் இட்டுக் களைத்த கோழிகள். மஞ்சட்காலும், இன்னும் முழுதாய்ச் சிவக்காத சின்னக் கொண்டையும் உள்ளதைப் பாருங்கள். கழித்த கோழி என்று சொல்லியே மலிவாக விற்றால் அது வேறு. இன்னும் சில மாதம் இடும். அதைத் தெரிந்து வாங்குவதில் பிழையில்லை.

ஒற்றைக் கோழி வாங்காதீர்கள். கூட்டமாக வாழ்கிற பிராணி, தனித்தால் கத்தும். மூன்று அளவானது. கூட்டுக்குள் கோழிக்கு நாலு சதுர அடி, வெளியே ஓடித்திரிய எட்டு, பத்துச் சதுர அடி இருந்தால் ஒன்றையொன்று கொத்தாது. மூன்றுக்கும் ஒரு முட்டைப்பெட்டி போதும். ஒரு மூலையில் சாம்பலும் உலர்மணலும் போட்டு வையுங்கள். அதில் புரண்டு குளித்துத்தான் செள்ளைப் போக்கும்.

காடை

பல்கனி மட்டும்தான் இருக்கிறது என்றால் இதைத் தவிர வேறு பேச்சில்லை. இரண்டடிக்கு மூன்றடிக் கூட்டில் தங்கச்சி பத்துக் காடை வைத்திருக்கிறாள். ஆறு, ஏழு கிழமையிலேயே இடத் தொடங்கிவிடும். பெண் காடையின் சத்தம் கிளிக்குஞ்சின் சத்தம் போல, கதவைச் சாத்தினால் கேட்காது. ஆண் காடை கூவும். சேவல் அளவுக்கு இல்லை, ஆனால் தொடர்மாடியில் இரவில் அதுவும் கேட்கும். ஆகவே பெண்ணாகப் பார்த்தே வாங்குங்கள். நெஞ்சில் கரும்புள்ளி இருந்தால் பெண், துருநிறமாக இருந்தால் ஆண்.

ஒரு காடை முட்டை 10 கிராம். ஐந்து சேர்ந்தால்தான் ஒரு கோழிமுட்டை. நாளுக்கு 20, 25 கிராம் தின்னும். கணக்குப் போட்டால் ஐந்து காடை முட்டைக்கும் 150 கிராம் தீன்தான் வருகிறது, லேயரின் அதே அளவு. ஆனால் காடைக்குப் புரதம் கூடிய தீன் வேண்டும், அதன் விலை அதிகம். காடை முட்டை பலதையும் குணமாக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். சத்துள்ள நல்ல முட்டைதான், மருந்தில்லை.

எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காடை ஆளோடு பழகாது. திடுக்கிட்டால் நேர்மேலே பாய்ந்து கூட்டில் தலையை இடித்துக்கொள்ளும். மண்ணில் விட முடியாது. விட்டால் பறந்துபோய்விடும், திரும்பி வராது. தங்கச்சியின் மகனுக்குக் காடை என்றால் முட்டை எடுக்கிற வேலை. இங்கே வந்தால் மணிக்கணக்கில் கோழிக்குப் பின்னால் திரிகிறான். எச்சத்தின் நாற்றமும் கோழியை விடக் கடுமை, தட்டைத் தினமும் கழுவ வேண்டும். தங்கச்சி கழுவுகிறாள், வேலைக்குப் போகிற பெண், விடிய ஐந்தரைக்கே எழும்பிக் கழுவுகிறாள். அந்த ஐந்தரை மணி உங்களால் முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வளர்க்காமல் விடுவதும் ஒரு நல்ல தெரிவு. கணவனும் மனைவியும் காலை ஏழுக்கு வெளிக்கிட்டு மாலை ஏழுக்கு வருகிற வீடு, ஓகஸ்ட் விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் மூன்று கிழமை பூட்டிக் கிடக்கிற வீடு, இப்படியான வீடுகளில் எந்த இனமும் பாவம்தான். எங்களுக்கு அந்த நாட்களில் பின்வீட்டு அங்கிள்தான் கை கொடுக்கிறார். சேவல் போன பிறகு வந்த உறவு அது. இப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், பக்கத்தில் வளர்க்கிற யாரிடமாவது கிழமைக்குப் பத்து முட்டை சொல்லிவைத்து வாங்குங்கள். அவர்களுக்கும் தீன் காசு வரும்.

மச்சாளிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வி, முட்டை நின்ற பிறகு என்ன செய்யப் போகிறாய் என்பது. லேயர் இரண்டாம் வருடமே குறையும், மூன்றாம் வருடம் கிழமைக்கு இரண்டு, மூன்று என்று வந்து நிற்கும். அதற்குப் பிறகும் சில வருடம் உயிரோடு இருக்கும், தின்னும். சிலர் கறிக்கு எடுப்பார்கள். அதில் நான் பிழை காணவில்லை. ஆனால் பெயர் வைத்து மடியில் தூக்கித் திரிந்த பிள்ளைக்கு அந்தக் கறியைப் பரிமாறப் போவது யார் என்று வாங்க முதலே பேசி முடிவெடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா முடிவெடுத்துவிட்டார், கிழட்டுக் கோழி தானாகச் சாகும்வரை நிற்கும். அதனால்தான் நான் ஒரே தரத்தில் ஆறு வாங்காமல் மூன்று வாங்கினேன்; இன்னும் இரண்டுக்கு இடம் விட்டுத்தான் கூடு அடித்தேன்.

வத்தளைக்கு என் தெரிவு மூன்று சிவப்பு லேயர், 16 கிழமை விடையாக, சேவல் இல்லாமல், தரையில். மச்சாளுக்குக் குஞ்சு பார்க்கிற ஆசை விடவில்லை. ஒரு வருடம் லேயரோடு பழகி, அயலும் சரிவந்தால், ஊர்ப்பேடு ஒன்றை மட்டும் சேர்த்து, அது அடைக்குப் படுக்கும்போது ஊரிலிருந்து முட்டை எடுத்து வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பொரிக்கிற குஞ்சில் பாதி சேவலாக வரும், கூவத் தொடங்க முதல் அவற்றை அனுப்ப ஒரு இடம் வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

வருகிற ஞாயிறு அம்மா வத்தளைக்குப் போகிறார். காலை வெயில் வளவில் எந்தப் பக்கம் விழுகிறது, மழைத்தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று தான் வந்து பார்க்கும்வரை தச்சருக்கு அளவு சொல்ல வேண்டாம் என்று மச்சாளுக்கு நேற்றே போன் எடுத்துச் சொல்லிவிட்டார்.